மூச்சு வாங்குதா, முட்டி வலிக்குதா: மலையில் ஓடப் பழகுகிறவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓடிப் பழக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஏழெட்டுக் கேள்விதான். போலீஸ் செலக்‌ஷன், ராணுவம், வனக்காவலர் என்று வருகிற பிள்ளைகள் ஒரு பக்கம், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதால் நாற்பதைத் தாண்டி ஷூ மாட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். யார் வந்தாலும் வருகிற தொந்தரவு ஒன்றுதான், அதற்கு எல்லோரும் முதலில் செய்வதும் ஒன்றுதான்: புது ஷூ வாங்குவது. அது பெரும்பாலும் மூன்றாவது நான்காவது காரணமாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு தொந்தரவுக்கும் காசு செலவில்லாத காரணத்தை மேலேயும், டாக்டர் ஃபீஸ் வரை போகிற காரணத்தைக் கீழேயும் வைத்திருக்கிறேன். மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், எதில் சரியாகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## முதலில், இதில் எது இருந்தாலும் கீழே படிக்க வேண்டாம்

ஓடும்போது நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருப்பது, அந்த வலி தாடைக்கோ இடது கைக்கோ போவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி விழுவது, படபடப்பு தாறுமாறாக அடித்து நின்ற பிறகும் அடங்காமல் இருப்பது. அந்த நேரத்தில் 108, இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் வண்டி. தானாகச் சரியாகிவிட்டாலும் ஈ.சி.ஜி., எக்கோ பார்க்காமல் மறுபடி ஓடக்கூடாது. வீட்டில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று போயிருந்தால், உங்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கும் இதுதான்.

## ஐந்து நிமிடம்கூட ஓட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது

### வேகம் கூடுதலா?

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். சோதிப்பது சுலபம். ஓடிக்கொண்டே "நாளைக்குக் காலையில ஆறே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்துடு" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். "அண்ணா, இதுக்குக் கீழ மெதுவா ஓடுனா நடக்கிற மாதிரி இருக்கே" என்பார்கள். இருக்கட்டும். ஒரு நிமிடம் மெது ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை, வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. அது லேசாகத் தெரிந்தபிறகு ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்கி நடையைக் குறையுங்கள். இரண்டு மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது சாதாரண உடம்புக்குச் சாத்தியம். அவசரப்படுகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தையும் வலி தைலத்தோடு கழிப்பார்கள்.

### ரோடு உண்மையிலேயே சமமா?

நம் ஊரில் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற ரோடு பெரும்பாலும் சமமில்லை. பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலை ரோட்டில் குறுக்காகப் படுக்க வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் உருளுகிறது என்று தெரிந்துவிடும். லேசான ஏற்றம்கூட அதே வேகத்தில் ஓடுகிறவரின் மூச்சை ஒரு படி ஏற்றிவிடும், காலுக்குத் தெரியாது. அதனால் இங்கே கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள், மூச்சைப் பார்த்து ஓடுங்கள். ஏற்றம் வந்தால் நடங்கள். ஆரம்ப மாதங்களுக்குப் பள்ளிக்கூடக் கிரவுண்டு நல்லது. தேயிலைத் தோட்டத்துக்குள் மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் போகிற ரோடுகளும் உண்டு, எஸ்டேட்டில் கேட்டுவிட்டு ஓடுங்கள். கொடைக்கானல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏரியைச் சுற்றிச் சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. டூரிஸ்ட் சைக்கிள்கள் கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

### கீழேயிருந்து புதிதாக வந்தவரா?

மேட்டுப்பாளையம், திருப்பூர் பக்கமிருந்து வேலைக்கோ படிக்கவோ வந்தவர் என்றால் உயரத்தில் காற்று மெலிசாக இருப்பதுதான் காரணம். ஊட்டி சுமார் 2240 மீட்டர், மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ அதே உயரம். 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தபோது 10,000 மீட்டரில் தங்கம் வென்றவரின் நேரம் 29 நிமிடம் 27 வினாடி. அன்றைய உலக சாதனை 27:39. உலகத்தின் தலைசிறந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நேற்று பஸ் ஏறி வந்தவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. முதல் வாரம் நடை மட்டும், இரண்டாவது வாரம் மெது ஓட்டம், பிறகு வழக்கம்போல. தலைவலி, வாந்தி, தூக்கம் வராமை என்று சேர்ந்து வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

### ஓடி முடித்தபிறகு இருமல் வருகிறதா?

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிற காலைகளில் இது அதிகம். ஓட்டத்தை நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில் வறட்டு இருமலும் நெஞ்சு இறுக்கமும் விசில் சத்தமும் வந்தால் அது ஓட்டத்தால் கிளம்புகிற ஆஸ்துமாவாக இருக்கலாம். வாயையும் மூக்கையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு ஒரு நாள், வெயில் வந்தபிறகு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். இரண்டிலும் இருமல் வந்தால் நெஞ்சு டாக்டரிடம் போய் ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்கவும். அவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று, மார்கழியில் ஆறரை மணி வரை வெளிச்சம் வராது. இருட்டில் தேயிலைச் செடிக்கு மேலே காட்டு மாட்டின் முதுகு தெரியாது, கரடி அதைவிட மோசம். விடிந்தபிறகு கிளம்புங்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள்.

### ரத்தம் குறைவா?

மேலே சொன்ன எதுவும் இல்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கண் இமையின் உள்பக்கம் வெளிறியிருக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்த சோகை. நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் காரணம் உண்டு: சோறு தின்ற கையோடு டீ. சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும், கீரையும் பருப்பும் தின்றும் பாதி வீண். டீயை விடச் சொல்லவில்லை, தோட்டத்துக்காரர்களிடம் அதைச் சொல்லிவிட்டு யார் தப்பிப்பது? ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையை டாக்டர் சொன்னபிறகே போடவும்.

## விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது

பயப்பட வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லை, அல்லது கிளம்பும் முன் மடமடவென்று தண்ணீர் குடித்தீர்கள், அல்லது முதல் நிமிடத்திலேயே பாய்ந்தீர்கள். குத்தும்போது வேகத்தைக் குறைத்து, குத்துகிற இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு வாயால் நீளமாக மூச்சை விடுங்கள். ஓடாத நேரத்திலும் குத்தினால் வயிற்று டாக்டரிடம் காட்டவும்.

## முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவில், முன்பக்க எலும்பு ஓரம் வலி

செலக்‌ஷன் அறிவிப்பு வந்த மூன்றாவது வாரம் பாதிக் கிரவுண்டு இந்த வலியோடுதான் நொண்டும். அறிவிப்பைப் பார்த்த மறுநாளே தினமும் ஓட ஆரம்பிப்பதுதான் காரணம்.

### முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள்

உட்கார்ந்து காலை மடித்து, எலும்பின் உள்பக்க ஓரத்தைக் கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டு போங்கள். இங்கிருந்துதான் இரண்டு வழி பிரிகிறது.

கை அகலத்துக்குப் பரவலாக வலிக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது இருந்து, உடம்பு சூடானதும் குறைகிறது: தசையும் எலும்புத் தோலும் சேருமிடத்து அழற்சி. ஓட்டத்தைப் பாதியாக்குங்கள், இறக்கத்தில் ஓடவே வேண்டாம், சிமெண்ட் ரோட்டை விட்டு மண் கிரவுண்டுக்கு மாறுங்கள். ஓடியபிறகு பதினைந்து நிமிடம் ஐஸ். ஊட்டியில் குழாய்த் தண்ணீரே போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குகிற பயிற்சி, பதினைந்து முறை மூன்று தடவை. ஷூவை இப்போது பார்க்கலாம்: அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலோ, கையால் அழுத்தினால் மெத்தை அமுங்காமல் கட்டையாக இருந்தாலோ மாற்றுங்கள். கேன்வாஸ் ஷூவில் ஓடுகிறவர்கள் முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். விலை முக்கியமில்லை, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரே ஒரு இடத்தில், விரல் நுனி அளவுக்கு, தொட்டாலே துள்ளுகிறது; ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே குத்துகிறது; ராத்திரியும் வலிக்கிறது: எலும்பில் கீறல் விட ஆரம்பித்திருக்கலாம். ஓட்டம் அன்றோடு நிற்க வேண்டும், எலும்பு டாக்டர் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்று திரும்பி ஓடாதீர்கள். வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் போகும். செலக்‌ஷன் தேதி போய்விடும்தான், கால் முழுசாக உடைந்தால் அடுத்த செலக்‌ஷனும் போகும்.

## இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறது

ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி, ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் வலி. காரணம் இறங்குகிற விதம். நம் பிள்ளைகள் இறக்கத்தைக் கண்டால் காலை அகல எட்டிப்போட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலால் பிரேக் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு பிரேக்கும் முட்டியில் விழுகிறது. அடியைக் குறுக்கிப் பொடி அடியாக வையுங்கள், உடம்பு லேசாக முன்னால். சத்தத்தை வைத்தே சோதிக்கலாம்: தொப் தொப் என்று கேட்டால் தப்பு, சரசரவென்று கேட்டால் சரி.

அதிலும் சரியாகவில்லையா? ஏறி ஓடுங்கள், இறங்குவதற்கு மினி பஸ் பிடியுங்கள். சிரிக்காதீர்கள், மலையில் இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் மூச்சுக்குப் பயிற்சி முழுசாகக் கிடைத்துவிடுகிறது, முட்டிக்கு அடி குறைவு.

முழங்காலின் வெளிப்பக்கம், அதுவும் ஒரே காலில் மட்டும் என்றால் ரோட்டைப் பாருங்கள். ரோடு ஓரம் சரிந்திருக்கும், தினமும் அதே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். கிரவுண்டில் ஒரே திசையில் சுற்றுகிறவர்களுக்கும் இது வரும், நாள் விட்டு நாள் திசையை மாற்றுங்கள். அடுத்தது தொடையும் இடுப்பும் பலமில்லாதது: கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காருங்கள், முட்டி உள்பக்கம் விழுந்தால் அதுதான். சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து நிற்பது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, இரண்டையும் வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லையென்றால் பிசியோவிடம் போங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ வாரக்கணக்கில் காத்திருக்காமல் நேராக எலும்பு டாக்டர்.

## காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகால் குத்துகிறது

பத்து அடி நடந்ததும் குறையும், மறுநாள் காலை அதேதான். கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள், தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுங்கள், சில்லென்ற தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். ஆடுசதை இறுக்கமாக இருந்தால் அதை இழுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கிற தொந்தரவு இது, பொறுமை வேண்டும். ஊசி போடுகிற யோசனைக்கு மூன்று மாதம் கழித்துப் போகலாம்.

## தூரம் ஓட வருகிறது, நேரம் குறையவில்லை

இதுதான் அதிகம் பேர் கேட்பது. போலீஸுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 28 வினாடி, 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52. ராணுவத்தில் 1.6 கிலோமீட்டரை 5:30-க்குள் ஓட வேண்டுமென்றால் 400 மீட்டர் ஒவ்வொன்றும் 82 வினாடி சொச்சம். இரண்டும் வேறு வேறு உலகம், ஒரே பயிற்சி இரண்டுக்கும் போதாது. வனக்காவலருக்கு வருகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடந்தால் போதும், அதற்கு வேண்டியது நீண்ட வேக நடை.

### கிரவுண்டை அளந்தீர்களா?

400 மீட்டர் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ரவுண்டு அளந்து பார்த்தால் 350 இருக்கும், சில இடத்தில் 430. கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் வாங்கி, இரண்டு பேர் பிடித்து அளந்துவிடுங்கள். போனை நம்ப வேண்டாம். மலை மடிப்புக்குள்ளும் மரத்தடியிலும் ஜி.பி.எஸ். தாவித் தாவிக் காட்டும்.

### முதல் ரவுண்டு எத்தனை?

நண்பரை ஸ்டாப்வாட்சோடு நிறுத்தி ஒவ்வொரு ரவுண்டுக்கும் நேரம் எழுதச் சொல்லுங்கள். 1:30, 1:55, 2:10 என்று போனால் பலம் குறைவில்லை, ஆரம்பத்தில் பறந்துவிட்டீர்கள். முதல் ரவுண்டை 1:48-இல் பிடித்து ஓடிப் பாருங்கள், பலருக்கு அன்றைக்கே பத்துப் பதினைந்து வினாடி குறைந்துவிடும். எல்லா ரவுண்டும் ஒரே மாதிரி 2:00 என்றால் அடுத்த காரணத்துக்கு வாருங்கள்.

### எல்லா நாளும் ஒரே வேகமா?

தினமும் நடுத்தரமாக, கொஞ்சம் மூச்சு வாங்க, ஐந்து கிலோமீட்டர். இப்படி ஓடினால் அந்த வேகத்தில் ஓட மட்டுமே உடம்பு பழகும். மெது நாள் இன்னும் மெதுவாக வேண்டும், வேக நாள் உண்மையிலேயே வேகமாக வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவர் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடட்டும், ஒரு நாள் அதைவிட நீளமாக, ஒரே ஒரு நாள் வேகம். வேக நாளில் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 200 மீட்டரை 52 வினாடியில், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. அது லேசானதும் 400 மீட்டரை 1:45-இல் ஐந்து முறை, நடுவில் மூன்று நிமிடம். கடைசி முறையும் முதல் முறை போலவே வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைக்கு வேகம் கூடுதல், அடுத்த வாரம் குறையுங்கள். இது போலீஸ் கணக்கு. ராணுவத்துக்கு 200-ஐ 39 வினாடி அளவுக்குப் படிப்படியாக இறக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் கையில் இருந்தால் நிம்மதி.

### கிரவுண்டே இல்லையா?

மேடு இருக்கிறதே. 80 மீட்டர் நீளமுள்ள ஏற்றத்தில் முழங்காலைத் தூக்கிக் கையை வீசி ஆறு முறை ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். சமதளத்தில் வேகமாக ஓடுவதைவிட இதில் தொடைப் பின்தசை பிடிப்பது குறைவு. ஆனால் மேட்டில் மட்டுமே பழகிவிட்டுச் சமதளத்தில் ஓடப் போனால் கால் சுழலாது, தேதி நெருங்கும்போது வாரம் ஒரு முறையாவது கிரவுண்டைத் தேடிப் போங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் நேரம் அசையவில்லை என்றால் நேரில் பார்த்துத் திருத்துகிற ஆள் வேண்டும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தடகளப் பயிற்சியாளரைக் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் பள்ளிக்கூட பி.டி. சாரே போதும். "இதைக் குடி, வேகம் வரும்" என்று பவுடரோ ஊசியோ தருகிறவர் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

## நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று மந்தமாகிவிட்டார்

தூக்கம், சாப்பாடு, காய்ச்சல், இந்த வரிசையில் கேளுங்கள். பத்து நாளைக்குக் காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் உடம்பு ஓய்வு கேட்கிறது, ஒரு வாரம் நடை மட்டும். எஸ்டேட் வேலையும் பார்த்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இலைக்கூடை சுமப்பதும் மேடு ஏறுவதும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். அதை எழுதாமல் "வாரத்துக்கு நாலு நாள்தான் ஓடுறேன்" என்றால் கணக்கு உதைக்கும்.

பெண்களுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் ஓட்டத்துக்குத் தக்க சாப்பாடு இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். நிம்மதி என்று விட்டுவிடாதீர்கள், எலும்பு தேயும். மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்தும் தெளியாத ஆண், பெண் யாராக இருந்தாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடவும்.

## மலையில் ஓடிய நேரம் சமவெளி செலக்‌ஷனில் வரவில்லை

காற்று கனமாக இருக்கிற சமவெளியில் இன்னும் நன்றாக ஓட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வெயில் இருப்பதை மறந்துவிடுகிறோம். உயரம் அளந்து, மார்பளவு அளந்து, உங்கள் பெயரைக் கூப்பிடும்போது மணி பத்தாகியிருக்கும். குளிரிலேயே பழகிய உடம்புக்கு அந்த வெயில் புதிது.

முதலில் பயணத்தைப் பாருங்கள். அன்றைக்குக் காலையில் மலை இறங்கி, வளைவில் வாந்தியெடுத்து, வெறும் வயிற்றோடு ஓடியிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். முந்தின நாளே இறங்கிவிடுங்கள். அடுத்தது வெயில் பழக்கம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அதனால் மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ சித்தப்பா பெரியம்மா வீடு இருந்தால் பத்து நாள் முன்னதாகப் போய்த் தங்கி, வெயில் ஏறியபிறகு மெதுவாக ஓடிப் பழகுங்கள். போக வழியில்லையென்றால் இங்கேயே மதியம் பன்னிரண்டு மணிக்கு, மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெது ஓட்டம். முழுப் பலன் இருக்காது, பாதி வரும். தண்ணீரும் உப்பு போட்ட மோரும் முந்தின நாளிலிருந்தே.

ஓடும்போது வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிடுங்கள். பேச்சு குழறி, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் முழிக்கிற ஆளைக் கண்டால் நிழலில் கிடத்தி, 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். சுயநினைவில்லாத ஆள் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.